இரண்டு இலக்கம் இடம்மாறினால் சித்திரை ஆனிக்குப் போய்விடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பராபவ வருடப்பிறப்பையொட்டித் தாங்கள் வெளியிட்ட சிறப்பிதழில், பஞ்சாங்கக் கணிதம் பற்றிய கட்டுரையின் நடுவே பெட்டி கட்டி ஓர் எண்ணை அச்சிட்டிருந்தீர்கள்: "ஒரு மகாயுகத்தின் நாட்கள் 157,79,71,500". அதே கட்டுரையின் கடைசிப் பந்தியில் அது "ஏறத்தாழ 157 கோடியே 79 இலட்சம்" என்று சுருங்கிவிட்டது. இரண்டும் பிழை. முதலாவது கைப்பிழை, யாருக்கும் வரும். இரண்டாவதுதான் உறுத்துகிறது, அது இந்த எண்ணை ஓர் அலங்காரம் என்று நினைத்ததால் வந்த பிழை.

சரியான எண் 157,79,17,500. பாடசாலை வழக்கில் எழுதினால் 1,577,917,500. சொல்லில் எழுதினால் நூற்றைம்பத்தேழு கோடியே எழுபத்தொன்பது இலட்சத்துப் பதினேழாயிரத்து ஐந்நூறு.

பத்து இலக்கத்தில் இரண்டு இடம்மாறியதற்கு ஒரு கடிதமா என்று கேட்பீர்கள். 17 என்பது 71 ஆனதால் கூடியது 54,000 நாள். அதை மகாயுகத்தின் 4,320,000 வருடங்களுக்குப் பங்கிட்டால் வருடத்துக்கு ஒரு நாளின் 80இல் ஒரு பங்கு, அதாவது 18 நிமிடம். அற்பமாகத்தான் தெரியும். ஆனால் பஞ்சாங்கக் கணக்கு கலியுகத்தின் முதல் நாளிலிருந்து ஓடுகிறது. இந்தச் சித்திரையோடு கலியில் 5127 வருடம் முடிந்தது. 5127ஐ 80ஆல் வகுத்தால் 64 நாளும் சொச்சமும். ஏப்ரல் 14இல் பிறந்த வருடம் ஜூன் 17 அளவில் பிறந்திருக்கும். ஆனி மாதத்து வெயிலில் மருத்துநீர் வைத்துக் கைவிசேடம் கொடுக்க வேண்டியதுதான். இலட்சத்தோடு நிறுத்திய மற்ற எண் 17,500 நாளை விழுங்கிவிட்டது. அதைக்கொண்டு கணித்தால் வருடப்பிறப்பு இருபது நாளுக்கு மேல் முந்தி, மார்ச் 24 அளவில், பங்குனிக்குள் விழும்.

இந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. இது பழைய வானியலாளர் ஆரியபட்டரின் கணக்கிலிருந்து வருவது, ஆனால் அவர் இதை நேராகச் சொல்லவில்லை. அவர் சொன்னவை இரண்டு: ஒரு மகாயுகத்தில் சூரியன் சுற்றும் சுற்று 4,320,000, பூமி தன்னைத்தான் சுற்றும் சுற்று 1,582,237,500. பூமி சுழல்கிறது என்று வெளிப்படையாக எழுதியவர் அவர். நட்சத்திரங்களை வைத்து எண்ணினால் வரும் சுழற்சிகளில் வருடத்துக்கு ஒன்று சூரியனின் சுற்றால் குறைந்துபோகும். ஆகவே ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் சூரிய உதயங்களின் தொகை, அதாவது நாட்களின் தொகை: 1,577,917,500.

அந்த இரு எண்களையும் அவர் ஓர் எழுத்துக் குறியீட்டில் அடக்கினார். மெய்யெழுத்து இலக்கத்தையும் உயிரெழுத்து தானத்தையும், அதாவது இடப்பெறுமானத்தையும், காட்டும். அதைத் தமிழ் எழுத்தில் படியெடுக்க முயல வேண்டாம். வடமொழியின் இரண்டாம் ககரம் 2, நான்காம் ககரம் 4. நமக்கு இரண்டுக்கும் ஒரே "க"தான். படியெடுத்த கையோடு எண் தொலைந்துவிடும்.

இனி எண்ணின் உள்ளே போவோம். காரணிப்படுத்தினால்:

1,577,917,500 = 2² × 3 × 5⁴ × 61 × 3449

61, 3449 இரண்டும் முதன்மை எண்கள். மகாயுக வருடங்களான 4,320,000ஐக் காரணிப்படுத்தினால் 2⁸ × 3³ × 5⁴. அதில் 2, 3, 5 தவிர வேறு எதுவும் இல்லை. இவ்விரண்டின் பொதுக் காரணிகளுட் பெரியது 2² × 3 × 5⁴ = 7500. இந்த 7500தான் முழு விடயத்தின் அச்சாணி. இரண்டையும் அதனால் வகுத்துவிடுங்கள்: மேலே 210,389, கீழே 576. அதாவது 576 வருடத்துக்கு 210,389 நாள். மிச்சமும் இல்லை, குறையும் இல்லை. கோடிகளில் சொன்ன கணக்கு சாதாரண தரப் பிள்ளையின் கொப்பியில் ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது.

எண்ணின் கடைசி இலக்கத்தை ஒன்று கூட்டி 1,577,917,501 என்று எழுதிப் பாருங்கள். அது 2ஆலும் வகுபடாது, இலக்கக் கூட்டுத்தொகை 43 ஆதலால் 3ஆலும் வகுபடாது, 5ஆலும் வகுபடாது. பொதுக் காரணி 1. பின்னத்தின் பகுதி எண் 576இலிருந்து ஒரே பாய்ச்சலில் 4,320,000 ஆகிவிடும். ஒரு நாள் வித்தியாசம் நாற்பத்துமூன்று இலட்சம் வருடத்தில் ஒன்றுமேயில்லை. ஆனால் கையால் கணிப்பவருக்கு வேலை முழுவதும் மாறிவிடும். ஆகவேதான் "ஏறத்தாழ" என்ற சொல் இங்கே ஆகாது.

210,389 / 576 என்பதை விரித்தால் 365 நாளும் 149/576 நாளும். இந்தப் பின்னத்தை நாழிகைக்கு மாற்றுங்கள் (நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாடி, விநாடிக்கு 60 தற்பரை). 149ஐ 60ஆல் பெருக்கி 576ஆல் வகுத்தால் ஈவு 15, மீதி 300. மீதியை 60ஆல் பெருக்கி வகுத்தால் 31, மீதி 144. இன்னொரு முறை செய்தால் 15, மீதி 0. ஆக வருடம் 365 நாள் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை. வாக்கிய பஞ்சாங்கத்தின் வருட அளவு இதுவேதான். கல்குலேற்றரில் இதே பின்னம் 365.258680555... என்று முடிவில்லாமல் ஓடும். 576இன் உள்ளே 9 இருப்பதால் தசமத்தில் அது முடியாது. அறுபதில் முடிகிறது; 60 × 60 × 60 = 216,000, அது 576இன் 375 மடங்கு.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாழிகைக் கணக்கின் விநாடி 24 செக்கன். நாங்கள் நேரத்தைச் செக்கனில் சொல்வதால் குழப்பம் குறைவு. ஆனால் தமிழ்நாட்டில் செய்த கைத்தொலைபேசிச் செயலிகள் செக்கனையே "விநாடி" என்று எழுதும். அதைப் பார்த்து 31 விநாடியை 31 செக்கனாக எடுத்தால் வருடத்துக்கு 12 நிமிடம் அளவில் காணாமற்போகும்.

ஆரியபட்டரின் பெயரில் இன்னொரு நாட்தொகையும் உண்டு: 1,577,917,800. இது 300 நாள் கூட. ஒரு நாளைச் சூரிய உதயத்தில் தொடங்கும் முறைக்கு முதல் எண், நள்ளிரவில் தொடங்கும் முறைக்கு இரண்டாவது. வெறும் கருத்து வேறுபாடு போலத் தோன்றும் இந்த 300ஐச் சற்றுக் கிட்டப்போய்ப் பாருங்கள். கலியில் 3600 வருடம் முடியும்போது, அதாவது கி.பி. 499இல், மகாயுகத்தின் 1200இல் ஒரு பங்கு கழிந்திருக்கும். முதல் எண்ணை 1200ஆல் வகுத்தால் 1,314,931.25 நாள், உதயத்திலிருந்து கால் நாள், அதாவது நண்பகல். இரண்டாவது எண்ணை வகுத்தால் 1,314,931.5, நள்ளிரவிலிருந்து அரை நாள், அதுவும் நண்பகல். கி.பி. 499 மார்ச் 21, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு முறையும் ஒரே இடத்தில் வந்து கைகோக்கின்றன. 300 / 1200 = கால் நாள்; உதயத்துக்கும் நள்ளிரவுக்கும் உள்ள இடைவெளியும் அதே கால் நாள். ஆரியபட்டர் தம் காலத்தில் இரண்டும் ஒத்துவர வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கட்டிய எண்கள் இவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இந்த இரண்டாவது எண்ணுக்கு 4,320,000உடன் பொதுக் காரணி 5400. சுருக்கினால் 800 வருடத்துக்கு 292,207 நாள். மியன்மாரிலும் தாய்லாந்திலும் மரபுக் கணிதத்தில் இன்றுவரை வரும் 800உம் 292,207உம் இவைதான். சூரிய சித்தாந்தத்தின் எண் 1,577,917,828. அதற்குப் பொதுக் காரணி வெறும் 4. பின்னம் 1,080,000க்குக் கீழே இறங்காது. வருடம் 365 நாள் 15 நாழிகை 31 விநாடி 31 தற்பரை, அதற்கும் கீழே இன்னும் 24 என்று நாலாம் படிக்குப் போகிறது. எது வானத்துக்குக் கிட்ட என்பது வேறு வழக்கு. கையால் கணிப்பதற்கு 576ஐ வெல்ல இவற்றில் எதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

கிழமைக்கு வருவோம். எண்ணை 7ஆல் வகுத்தால் மீதி 5. கலியுகம் பிறந்தது வெள்ளிக்கிழமை உதயத்தில். ஆரியபட்டர் 4,320,000 வருட மகாயுகத்தை நாலு சம பாதமாகப் பிரித்தவர், கலி அதில் நாலாவது; புராணக் கணக்கில் வரும் 432,000 வருடக் கலி அவருடையதல்ல. எண் 00இல் முடிவதால் நாலால் வகுபடும்: பாதத்துக்கு 394,479,375 நாள். அதை 7ஆல் வகுக்க மீதி 3. வெள்ளியிலிருந்து மும்மூன்று நாளாகப் பின்னோக்கிப் போனால் செவ்வாய், சனி, புதன். மகாயுகம் புதன்கிழமை தொடங்கியிருக்க வேண்டும். இலங்கையில், புதன்கிழமை, உதயத்தில் என்றே ஆரியபட்டர் எழுதியும் வைத்திருக்கிறார். ஓர் இலக்கம் பிசகியிருந்தால் இந்தப் புதன் பெரும்பாலும் கிடைத்திருக்காது.

அந்த "இலங்கை" நம் நாடல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், கட்டுரையில் அதுவும் குழம்பிக் கிடக்கிறது. நூல்களின் இலங்கை, உச்சயினியின் தீர்க்கரேகை நிலநடுக்கோட்டை வெட்டும் புள்ளி. யாழ்ப்பாணம் அதிலிருந்து நாலேகால் பாகை கிழக்கே, ஒன்பதே முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைய வடக்கே இருக்கிறது.

576 வருடத்துக்கு 210,389 நாள். அதை 7ஆல் வகுத்தால் மீதி 4, கிழமை ஒத்துவராது. ஏழு மடங்காக எடுத்தால் 4032 வருடம் = 210,389 வாரம், அப்பழுக்கில்லாமல். அதாவது வருடப்பிறப்பின் கிழமை, நாழிகை, விநாடி, தற்பரை எல்லாம் ஒருங்கே திரும்பிவர 4032 வருடம் வேண்டும்.

இப்போது எண்ணை வேலைக்கு விடுவோம். இந்த வருடப்பிறப்பைக் கணித்துப் பார்க்க ஒரு தாளும் பென்சிலும் போதும். மகாயுக எண்ணை நேராக 5127ஆல் பெருக்க வெளிக்கிட்டால் 13 இலக்கம் வரும். எட்டு இலக்கக் கல்குலேற்றரில் எண்ணைப் பதியவே முடியாது, கடைகளில் வைத்திருக்கும் 12 இலக்கக் கருவியும் கையை விரித்துவிடும். சுருக்கிய பின்னத்தை எடுங்கள். 5127 × 210,389 = 1,078,664,403. பெருக்கல் சரியா என்பதை ஒன்பதால் பாருங்கள்: 5127இன் இலக்கக் கூட்டு 15, அது 6, 210,389இன் கூட்டு 23, அது 5, ஆறைந்து முப்பது, அது 3. விடையின் இலக்கக் கூட்டு 39, பிறகு 12, பிறகு 3. சரி. இதை 576ஆல் வகுக்க ஈவு 1,872,681, மீதி 147. மீதியை முன்போல் நாழிகையாக்கினால் 15 நாழிகை 18 விநாடி 45 தற்பரை.

இது மத்திம சூரியன், அதாவது ஒரே சீரான வேகத்தில் போவதாக வைத்துக்கொள்ளும் சூரியன், மேடத்தில் புகும் நேரம். உண்மைச் சூரியன் அதற்கு முன்னரே புகுந்துவிடும். அந்த இடைவெளிக்கு மரபில் வைத்த கழிவு, சோத்தியம் என்பது, 2 நாள் 8 நாழிகை 51 விநாடி 15 தற்பரை. கழித்தால் 1,872,679 நாள் 6 நாழிகை 27 விநாடி 30 தற்பரை. நாட்தொகையை 7ஆல் வகுக்க மீதி 4. வெள்ளியைச் சுழியமாக வைத்து எண்ணினால் வெள்ளி 0, சனி 1, ஞாயிறு 2, திங்கள் 3, செவ்வாய் 4. செவ்வாய்க்கிழமை, 2026 ஏப்ரல் 14. நாழிகையை மணியாக்கினால் 2 மணித்தியாலம் 35 நிமிடம். உதயம் ஆறு மணி என்று வைத்தால் காலை 8.35.

இது உச்சயினி ரேகைக்கும் சம உதயத்துக்கும் உரிய நேரம். யாழ்ப்பாணத்து மணிக்கூட்டுக்குக் கொண்டுவர நாலேகால் பாகைக்குரிய 17 நிமிடத் தேசாந்தரம், நம்முடைய உதய வேறுபாடு, நாட்டின் நியம நேரம் எல்லாம் பார்க்க வேண்டும். அவற்றை எந்த இடத்தில் சேர்ப்பது என்பதில் கணிப்பவருக்குக் கணிப்பவர் வழக்கம் வேறு. அச்சிட்ட பஞ்சாங்கத்தில் சில நிமிடம் முன்பின்னாக இருந்தால் எண்ணைக் குறை சொல்லக்கூடாது. மற்றப் பஞ்சாங்க முறையான திருக்கணிதம் வருட அளவையே வேறாக எடுக்கிறது. அதை இதோடு கலக்க வேண்டாம்.

இந்தக் கணக்கில் வழக்கமாக விழும் குழிகளையும் சொல்லிவிடுகிறேன். முடிந்த வருடம் 5127ஐ விட்டு நடப்பு வருடம் 5128ஐ எடுத்தால் அடுத்த வருடப்பிறப்பு வரும். வெள்ளியை ஒன்று என்று எண்ணினால் திங்கள் வரும். சோத்தியத்தை மறந்தால் வியாழனுக்குப் போவீர்கள். நாள் உதயத்தில் தொடங்குவதை மறந்தாலும் தொல்லை: ஒரு வருடம் பின்னே போய் 2025ஐக் கணித்தால் ஞாயிற்றுக்கிழமை, 50 நாழிகை 56 விநாடி 15 தற்பரை வரும். அது ஞாயிறு இரவு கடந்து அதிகாலை 2.22, ஆங்கிலக் கலண்டரில் திங்கள், ஏப்ரல் 14. கணக்கு சரி, கிழமையைப் படித்தவர்தான் பிழை.

எல்லாவற்றிலும் பெரிய குழி தசமத்தில் சுருக்குவது. 365.2587 என்று நாலு தசம தானத்துக்கு மட்டம்தட்டி 5127ஆல் பெருக்கினால் 2 மணித்தியாலம் 23 நிமிடத்துக்கு மேல் கூடி, 8.35 என்பது 10.59 அளவுக்குப் போகும். ஐந்து தானம் வைத்தாலும், 365.25868, நாலு நிமிடம் குறையும். பின்னமாகவே வைத்திருந்து கடைசியில் ஒரேயொரு முறை வகுப்பதுதான் வழி.

அடுத்த வருடத்துக்கு இத்தனை பெருக்கலும் வேண்டாம். கிழமையில் 1, நாழிகையில் 15, விநாடியில் 31, தற்பரையில் 15 கூட்டினால் போதும்: 2027 ஏப்ரல் 14, புதன்கிழமை, 21 நாழிகை 58 விநாடி 45 தற்பரை.

யூலியன் கலண்டரின் கால் நாள் 144/576 நாளுக்குச் சமம். நம்முடையது 149/576. வித்தியாசம் 5/576, சரியாகப் பன்னிரண்டரை நிமிடம். கிரகோரியன் வருடத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 62 வருடத்துக்கு ஒரு நாள் வருடப்பிறப்பு பிந்திப்போகும். ஏப்ரல் 14 நிலையான நாள் என்று கட்டுரை சொல்வது அதனால் சரியல்ல.

சந்திரன் பக்கத்தையும் ஒருமுறை எட்டிப்பார்க்கலாம். "வாக்கியம்" என்ற பெயரே அங்கிருந்துதான் வந்தது. ஆரியபட்டரின் கணக்கில் மகாயுகத்தில் சந்திரன் 57,753,336 சுற்று, அதன் உச்சம், அதாவது பூமியிலிருந்து அது மிகத் தூரம் போகும் புள்ளி, 488,219 சுற்று. கழித்தால் சந்திரன் உச்சத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் உச்சத்தை அடையும் சுற்று 57,265,117. நம் எண்ணை இதனால் வகுத்து, மீதியால் வகுத்தியை வகுத்து, இப்படியே போனால் ஈவுகள் 27, 1, 1, 4, 12 என்று வரும். அவற்றிலிருந்து கட்டும் கிட்டிய பின்னங்களில் நாலாவது 248/9, ஐந்தாவது 3031/110. அதாவது 9 சுற்றுக்கு 248 நாள், 110 சுற்றுக்கு 3031 நாள். சந்திரன் நிற்கும் இடத்தை நாளுக்கு ஒன்றாகச் சொல்லும் சந்திர வாக்கியங்கள் 248 என்பது இதனாலேயே. ஒன்பது சுற்று முடிந்ததும் சந்திரன் ஏறத்தாழப் பழைய நிலைக்கு வந்துவிடும், வாக்கியத்தை முதலிலிருந்து தொடங்கலாம். வாக்கியக் கணிதத்தின் மற்ற வகுத்தியான 12,372ஐ இந்த இரு எண்களிலிருந்து நேரே எடுக்க முடியாது. அதற்கு அடுத்த ஈவு 4 ஆக இருக்க வேண்டும், வருவதோ 1.

கடைசியாக, அச்சுக்கூடத்துக்கு உதவும் பகுதி. இப்படிப்பட்ட எண்களைச் சரிபிழை பார்க்கக் கட்டுரை எழுதியவரைத் தேடிப்போக வேண்டியதில்லை. ஒன்பதால் பார்ப்பது பலருக்கும் தெரியும். சரியான எண்ணின் இலக்கக் கூட்டு 42, அது 6. தாங்கள் அச்சிட்ட எண்ணின் கூட்டும் 42தான். இலக்கங்கள் இடம்மாறும்போது எண் எப்போதும் ஒன்பதின் மடங்கால்தான் மாறும்; ஒன்பதுக்கு அங்கே கண் தெரியாது. (யுக எண்களெல்லாம் இலக்கத்தைக் கூட்டினால் 9இல் முடியும், அதுவே அவற்றின் தெய்வீகம் என்று சிலர் எழுதுவதுண்டு. 4,320,000 ஒன்பதில் முடியும். அதன் நாட்தொகை ஆறில் முடிகிறது. அவ்வளவுதான்.)

பதினொன்றால் பாருங்கள். வலமிருந்து ஒற்றைத் தானங்களின் இலக்கங்களைக் கூட்டினால் 0, 5, 1, 7, 5: மொத்தம் 18. இரட்டைத் தானங்கள் 0, 7, 9, 7, 1: மொத்தம் 24. 18இலிருந்து 24ஐக் கழித்து 11ஐக் கூட்டினால் 5. சிறப்பிதழின் எண்ணில் இதுவே தலைகீழாகி ஒற்றை 24, இரட்டை 18, விடை 6. பிழை அகப்பட்டுவிட்டது. அடுத்தடுத்த இரு வேறு இலக்கங்கள் இடம்மாறினால் பதினொன்று ஒருபோதும் தவறவிடாது.

ஒன்றுவிட்டு ஒன்று மாறினால் மாற்றம் 99இன் மடங்கு. ஒன்பதும் பதினொன்றும் இரண்டுமே ஏமாறும். அதற்கு ஏழு. ஆனால் இந்த எண்ணிலேயே ஏழுக்கும் ஒரு பொறி இருக்கிறது. ஆயிரத்தின் இடத்து 7உம் பத்தின் இடத்து 0உம் இடம்மாறி 1,577,910,570 என்று விழுந்தால் வித்தியாசம் 6930, அதாவது 7 × 9 × 11 × 10. மூன்று சோதனையும் "சரி" என்றே சொல்லும். அந்த நேரத்தில் 13ஆல் வகுத்துப் பாருங்கள்: சரியான எண்ணுக்கு மீதி 3, இதற்கு 2.

இன்னொரு வழி, எண்ணை அதன் உறவுகளோடு நிறுத்திப் பார்ப்பது. மகாயுகத்தின் திதிகள் 1,603,000,080. கழியும் திதிகள், அவமம் என்பவை, 25,082,580. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் நாட்தொகை வர வேண்டும். வருகிறது. கட்டுரையில் இந்த மூன்றும் அச்சாகியிருந்தன. ஒரு கழித்தல் செய்திருந்தால் பெட்டிக்குள் இருந்த பிழை அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

கோடி, இலட்சம் என்று பிரிக்கும் காற்புள்ளியும் மில்லியன் காற்புள்ளியும் ஒரே பக்கத்தில் கலந்து கிடந்ததும் பிழைக்கு வழிவிட்டிருக்கும். மூலத்தில் ஒருவிதமாகவும் அச்சில் இன்னொருவிதமாகவும் பிரித்தால், ஒப்புநோக்குபவரின் கண் இலக்கத்தைப் பார்க்காமல் காற்புள்ளியைத் துரத்தும். ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்தம் வெளியிடும்போது, "157,79,71,500 என்றிருந்ததை 157,79,17,500 என்று திருத்தி வாசிக்கவும், கடைசிப் பந்தியில் 'ஏறத்தாழ 157 கோடியே 79 இலட்சம்' என்பதை நீக்கி அதே எண்ணை முழுமையாகச் சேர்க்கவும்" என்று போட்டால் போதும். எண்ணை இலக்கத்திலும் சொல்லிலும் இரண்டு விதமாகவும் அச்சிடுங்கள். ஒன்று பிசகினாலும் மற்றது காட்டிக்கொடுக்கும்.

இங்ஙனம்,
கணித ஆசிரியர் ஒருவர்,
கோண்டாவில்.